பத்தொன்பது வருஷம் பதினோரு மாதம்

என் மேசைக்கு ஒரே வேலைதான்.
போகிறேன் என்று வருகிறவர்களை
இரு என்று சொல்வது.

வடக்கு டக்கோட்டா. ஜனவரி.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொரு டிகிரி.
வெறும் விரலால் விமானத்தின் வயிற்றைத் தொட்டால்
தோல் அங்கேயே தங்கிவிடும்.
இந்தக் குளிரில் தேசபக்தி மட்டும்
யாரையும் நிறுத்திவைத்து நான் பார்த்ததில்லை.
ஓர் எண் நிறுத்திவைத்தது.
இருபது.

இருபதை முடித்தால் பாதிச் சம்பளம், சாகும்வரை.
பத்தொன்பது வருஷம் பதினோரு மாதத்தில் கிளம்பினால்
ஒரு கைகுலுக்கல், ஒரு கேக்,
பெயரைத் தப்பாகப் பொறித்த மரப்பலகை.

பன்னிரண்டைத் தாண்டியவர்களிடம்
நான் பேசவே வேண்டியிருக்கவில்லை.
முழங்கால் தேய்ந்தவன்,
மகளின் ஐந்து பிறந்தநாளைத் திரையில் பார்த்தவன்,
எல்லோரும் உட்கார்ந்து
என் தலைக்குப் பின்னாலிருந்த நாட்காட்டியைப் பார்த்துவிட்டுப்
பேனாவைக் கேட்டார்கள்.
அறிக்கையில் அதை
விசுவாசம் என்று எழுதினேன்.

இப்போது தலைநகரில் ஒரு யோசனை.
சட்டமில்லை, யோசனைதான்.
ஆனாலும் பதினாறு பக்கம் அச்சாகி
காபி இயந்திரத்தின் மேல் கிடக்கிறது.
மாதாமாதம் ஒரு தொகை அவரவர் கணக்கில்;
எப்போது போனாலும் எடுத்துக்கொண்டு போகலாம்.
பங்குச்சந்தை ஏறினால் ஏறும்.
இறங்குவது பற்றி ஓர் அடிக்குறிப்பு.
பாதிச் சம்பளம் மட்டும் இளைத்துப்போய்
அறுபது வயதில் வந்து கதவைத் தட்டும்.

நியாயம்தான், நானே சொல்கிறேன்.
நாலு வருஷத்தில் வெறுங்கையோடு போன பையனுக்கு
இனி பையில் ஏதோ இருக்கும்.
ஆனால் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு
இன்னொன்றும் தெரியும்:
கதவு பூட்டியிருந்ததால்தான்
பாதிப்பேர் வீட்டில் இருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை மார்லிஸ் ட்வெய்ட் வந்தாள்.
எஞ்சின் பிரிவு. பதினோரு வருஷம்.
கையுறையைப் பல்லால் கழற்றி
பீட்சா டப்பாவின் மூடி ஒன்றை என் முன் வைத்தாள்.
எண்ணெய்க் கறையைச் சுற்றிப் பென்சில் கணக்கு.
இடது பக்கம் இருந்தால்.
வலது பக்கம் ஃபார்கோவில் காற்றாலைக் கம்பெனி,
மணிக்கு முப்பத்தெட்டு டாலர்,
இரவில் வீடு.

"உங்களுக்கு எத்தனை, சார்ஜென்ட் லூசெரோ?"
"பதினெட்டரை."
"அப்போ உங்களைத் தொடாது."
"பழையவர்களைத் தொடாது என்று இருக்கிறது."
"நான் பழையவளா?"

பதினாறு பக்கத்தையும் புரட்டினேன்.
பின்னிணைப்பில் ஒரு கோடு,
அந்தக் கோட்டுக்குப் பின்னால்
'தேதிக்கு முன் சேர்ந்தவர்கள்'.
தேதி இருக்க வேண்டிய இடம் காலி.

அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை
எல்லாத் தேசத்திலும் உண்டு போல.
அவளுக்கு அது ஏழாம் வருஷம், குவாம் தீவுக்கு மாற்றல்.
"இருபது ஆகட்டும், அப்புறம் பார்க்கலாம்னு
டெரில்கிட்ட சொன்னேன்" என்றாள்.
"அவன் பார்க்கலை."

சீருடை, கொடி, நாமெல்லாம் ஒரே குடும்பம்.
மனப்பாடமான வாக்கியங்கள் வாய் வரைக்கும் வந்தன.
வாய்க்கே கூச்சமாக இருந்தது.

ஜன்னலுக்கு அந்தப் பக்கம்
ஏதோ ஒரு விமானம் உறுமத் தொடங்கியது.
அவள் தலையைச் சாய்த்தாள்.
"மூணாவது எஞ்சின். பேரிங் ஒண்ணு தேயுது.
இதைக் காதால கண்டுபிடிக்க
எனக்கு ஒன்பது வருஷம் ஆச்சு.
பதினாறு பக்கத்துல எங்கயாவது
இது வருதா?"

கையெழுத்துப் போடவில்லை.
போகிறேன் என்றும் சொல்லவில்லை.
"ஏப்ரல் வரைக்கும் பழைய கையெழுத்து இருக்கு"
என்று கையுறையை மாட்டிக்கொண்டு
எஞ்சினை நிறுத்தச் சொல்ல ஓடினாள்.
மூடியை மறந்துவிட்டாள். அல்லது விட்டுவிட்டுப் போனாள்.

நான் ஜன்னலைத் திறந்தேன்.
குளிர் முகத்தில் அறைந்தது.
பதினெட்டரை வருஷத்தில் முதல்முறையாகக்
காதைக் கொடுத்துக் கேட்டேன்.

எனக்கு இரைச்சல்தான் கேட்டது.